கதவைத் திறப்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள்

2027 பிப்ரவரியில் பெங்களூரு வீடுகளின் கதவைத் தட்டப்போகும் ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். அல்சூரில் பிறந்து, அல்சூரிலேயே டீச்சராகி, 1991, 2001, 2011 என்று மூன்று தடவை சென்சஸ் வேலை பார்த்தவள். பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்குவது, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் படிவங்களைத் தரையில் பரப்பிக் கூட்டல் சரிபார்ப்பது. உங்களுக்கு இந்தத் தடவை பேப்பர் கிடையாது, எல்லாம் போனில். மக்களே தங்கள் விவரத்தைப் பதிந்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். சாதியும் கேட்கிறார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டியது ஆறு வருடம் தள்ளிப்போனதால், உங்களில் பாதிப் பேருக்கு இதுதான் முதல் தடவையாக இருக்கும். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. என் கொள்ளுப்பாட்டி ஒரே ராத்திரியில் இரண்டு ஊரில் தூங்கிய கதை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் அவளைக் கப்பல் ஆயா என்போம். வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தண்டுக்குப் பிழைக்க வந்த பல குடும்பங்களைப் போல நாங்களும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். (தண்டு என்றால் கண்டோன்மென்ட். இளைய ஆசிரியர்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.) என் பாட்டியின் அம்மாவான அவள், பட்டாளத்து அதிகாரி ஒருவரின் பங்களாவில் பிள்ளை பார்த்தவள். அந்தப் பிள்ளைகளோடு கப்பலேறிச் சீமைக்கும் போய்வந்தவள். துரை வீட்டிலும் அவளை ஆயா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆயா, போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல், வேலையின் பெயர். எங்கள் ஆயா உறவின் பெயர். இரண்டும் ஒருத்தி தலையில் வந்து விழுந்ததில் அவளுடைய சொந்தப் பெயர் காணாமல் போய்விட்டது.

அம்மா உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கிறேன். "கப்பல் ஆயா பேரு என்னம்மா?" "ஆயாதான்." "அது இல்லம்மா, பேரு?" அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாங்க யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையே" என்றார். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் தேடலாம் என்றால், எந்தப் பெயரைத் தேடுவது?

அம்மா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், நாலாக மடித்த ஒரு கடிதம் கிடைத்தது. துரைசாணி எழுதிக் கொடுத்த நற்சான்று. 1911 அக்டோபர் தேதி. 1910 ஏப்ரலில் பெங்களூரிலிருந்து தங்களோடு வந்தாள், நாணயமானவள், பிள்ளைகளுக்கு இவள் மேல் பிரியம், கப்பலில் உடம்புக்கு வராது என்று நாலைந்து வரி. கப்பலில் வாந்தி எடுக்காமல் இருப்பது அந்த வேலைக்குப் பெரிய தகுதி. குமட்டிக்கொண்டு படுத்துவிட்டால் குழந்தையை யார் தூக்குவது? கடிதத்தில் அவள் பெயர் மேரி. அது எங்கள் வீட்டுப் பெயரா, துரைசாணி வைத்த பெயரா என்று சொல்ல முடியாது. வேலைக்கு வந்தவள் பெயர் வாயில் நுழையவில்லை என்றால் மேரி என்று வைத்துக்கொள்வது அந்த வீடுகளில் சகஜம். ஆனால் கடிதத்தின் கீழே துரை வீட்டின் குடும்பப் பெயர் தெளிவாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்த ஒரே நூல்நுனி அதுதான்.

2020 ஊரடங்கில் அக்கா மகன் லண்டனுக்குப் பக்கத்தில் வீட்டோடு அடைந்து கிடந்தான். "சித்தி, இங்க பழைய சென்சஸ் எல்லாம் காசு கட்டினா பாக்கலாம், தேடட்டுமா?" என்றான். இங்கிலாந்தில் சென்சஸ் எடுத்து நூறு வருடம் ஆனதும் தனி மனிதர்களின் பதிவைத் திறந்துவிடுவது வழக்கம். 1911 மட்டும் கொஞ்சம் முன்னதாகவே, 2009இல், பார்வைக்கு வந்துவிட்டது. பழைய வருடங்களில் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாளை ஊழியர் தன் புத்தகத்தில் நகல் எடுப்பார். தாளை அழித்துவிடுவார்கள், புத்தகம் மட்டும் நிற்கும். 1911இல் வீட்டுக்காரர் கைப்பட எழுதிய தாள்களையே வைத்திருக்கிறார்கள். மையைக்கூடப் பார்க்கலாம்.

முதலில் மேரி, பிறந்த ஊர் பெங்களூர் என்று போட்டுத் தேடினான். அடேயப்பா, பெங்களூரில் பிறந்த மேரிகள் இங்கிலாந்தில் அத்தனை பேர்! பாதி நாள் கழித்துத்தான் உறைத்தது: எல்லாம் இங்கே பட்டாளத்தில் இருந்த வெள்ளைக்காரர்களின் மகள்கள். நம் ஊரில் பிறந்து, நம் வெயிலில் வளர்ந்து, அங்கே போய்க் கிழவிகளானவர்கள். அவர்கள் பெயரெல்லாம் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. நாங்கள் தேடும் மேரியைக் காணோம்.

அப்புறம் துரை வீட்டுக் குடும்பப் பெயரைப் போட்டான். ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்தாள்.

தென்கடற்கரை ஊர் ஒன்றில் துரையின் அம்மா வீடு. அந்தத் தாளில் கிழவி, இரண்டு வேலைக்காரிகள், பேரப்பிள்ளைகள் இருவர், கடைசி வரியில் "மேரி ஆயா". வயது 35. கல்யாணம் ஆகாதவள். பிறந்த இடம் மெட்ராஸ். அதே 1911 ஏப்ரல் 2, ஞாயிறு ராத்திரி, லண்டனில் துரைசாணியின் அக்கா வீட்டுத் தாளிலும் அதே பிள்ளைகள் இருவரும், கூட அவர்கள் அப்பா அம்மாவும். கடைசி வரியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் "ஆயா", குடும்பப் பெயருக்குத் துரையின் குடும்பப் பெயர். வயது 28. விதவை. பிறந்த இடம் பெங்களூர்.

"இது ரெண்டு பேரா இருக்கும் சித்தி, வயசு ஒத்துவரலையே" என்றான் அவன். நான் அப்படி நினைக்கவில்லை. முப்பத்தஞ்சு நாற்பது போட்டுக்கோ என்று வாசலில் நின்று வயது சொல்பவர்களை மூன்று சென்சஸில் கேட்டுப் பழகியவளுக்கு ஏழு வயது வித்தியாசம் ஒன்றுமே இல்லை. பிள்ளைகளைப் பார் என்றேன். இரண்டு தாளிலும் பெயர் ஒன்று, நடுப்பெயர் ஒன்று, வயது ஒன்று, சின்னவனின் மாதக் கணக்குகூட ஒன்று. பிள்ளைகளும் இரண்டு தடவை பதிவாகித்தான் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் ஒரு எழுத்து மாறவில்லை. கூடவே இருந்தவளுக்குத்தான் பெயர், வயது, ஊர், கல்யாணம் எல்லாமே மாறியிருக்கிறது.

ஏன் இரண்டு தடவை? அந்த ஊர் விதி தெளிவானது: அந்த ராத்திரி அந்த வீட்டில் தங்கியவர்களை எழுத வேண்டும். வேறெங்கும் எழுதப்படாமல் திங்கள் காலையில் வந்து சேர்ந்தவர்களையும் சேர்க்கலாம். அவ்வளவுதான். ஆனால் தாளை ஊழியர் சில நாள் முன்னதாகவே வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்வார். மாமியார்க் கிழவி சனிக்கிழமையே உட்கார்ந்து எழுதியிருப்பார் என்பது என் ஊகம். பேரப்பிள்ளைகள் தன்னோடு இருக்க வந்தவர்கள், தன் வீட்டுப் பிள்ளைகள், எழுதாமல் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை அவர்கள் லண்டன் போய்விட்டார்கள். அங்கே சகலை தன் கடமையைச் செய்தார். இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது, என் அக்கா மகன் தேடும் வரை.

இந்த விஷயத்தில் கப்பல் ஆயாவுக்குப் பெரிய துணை உண்டு. பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத அரசாங்கம் பெண்களை எண்ணவும் கூடாது என்று அதே ராத்திரி இங்கிலாந்தில் பல பெண்கள் சென்சஸைப் புறக்கணித்தார்கள். எமிலி வைல்டிங் டேவிசன் என்பவர் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் போய், அடித்தளத்துத் தேவாலயத்தின் துடைப்ப அறை ஒன்றில் ஒளிந்துகொண்டார். கண்டுபிடித்து அங்கேயே அவரைப் பதிந்துவிட்டார்கள். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவும் தன் தாளில் அவர் பெயரை எழுதிவைத்திருந்தார். எண்ணவே கூடாது என்று ஒளிந்தவர் இரண்டு தடவை எண்ணப்பட்டார்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பதிவிலும் அவர் பெயர் இருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு போய்விட்டது.

கப்பல் ஆயா மூன்று தடவை சீமைக்குப் போனாள் என்பது வீட்டுக் கதை. மற்ற இரண்டுக்கும் தடயமே இல்லை. கப்பல் பயணிகளின் பட்டியல்கள் அங்கே இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு 1878 முதல். அவற்றில் "மிஸஸ் இன்னார், குழந்தை, ஆயா" என்று ஒரே வரி. துரைசாணிக்குப் பெயர் உண்டு, ஆயா ஒரு சாமான் கணக்கு. சில கப்பலில் "சுதேசி வேலையாள் 1". பட்டியலைக் கணினியில் ஏற்றியவர்கள் தங்கள் பங்குக்கு, ஆயா என்பதன் நடுவில் இருக்கும் ஒய்யை ஜி என்று படித்து, அகா என்று ஒரு புது இனத்தையே உண்டாக்கியிருக்கிறார்கள். வாலை நீட்டி எழுதிய அந்தக் காலக் கையெழுத்தைப் பார்த்தால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு பட்டியலில் பொருத்தமான வருடத்தில் ஒரு ஆயா இருந்தாள். அக்கா மகன் "இவங்கதான் சித்தி!" என்று குதித்தான். துரை வீட்டுப் பெயர் வேறு. வேண்டாம்டா என்று சொல்லிவிட்டேன். ஆசைக்கு அகப்பட்டவளை எல்லாம் கொள்ளுப்பாட்டி ஆக்கிக்கொண்டால், வேறு யாருடைய கொள்ளுப்பாட்டியையோ நாம் திருடுகிறோம்.

இப்படி எடுப்பார் இல்லாமல் லண்டனில் நின்றுபோன ஆயாக்களுக்கென்று ஹேக்னியில் ஒரு விடுதி இருந்தது. கூட்டிவந்த குடும்பம் வேலை முடிந்ததென்று கைவிட, திரும்பும் கப்பலில் இன்னொரு குடும்பம் வேலைக்கு எடுக்கும் வரை அங்கே காத்திருப்பார்கள். அந்தக் கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். அக்கா மகன் போய்ப் படம் எடுத்து அனுப்பினான். பலகையிலும் ஆயாக்கள் என்றுதான் இருக்கிறது. வேறு என்ன போட முடியும்?

சரி, அங்கே கதை இப்படி. இங்கே?

1911இல் என் பாட்டிக்கு ஆறு வயது. அப்பா இறந்துவிட்டார், அம்மா கப்பலில் போய்விட்டாள், அத்தை வீட்டில் வளர்ந்தாள். அம்மா அங்கே துரை பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, இங்கே இவளுக்கு யாரோ பேன் பார்த்திருப்பார்கள். அந்த வருடம் இந்தியாவில் சென்சஸ் ராத்திரி மார்ச் 10. அப்போதெல்லாம் கானேஷுமாரி என்பார்கள். கன்னடத்திலும் அதே சொல்தான். ஒரே ராத்திரியில் நாடு முழுவதும் எண்ணும் முறை. முன்னதாகவே வீடுகளுக்கு எண் போட்டு, ஆட்களைக் கறுப்பு மையில் எழுதி வைத்துவிடுவார்கள். அந்த ராத்திரி விளக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஒவ்வொரு வீடாகப் போய், செத்தவரையும் ஊருக்குப் போனவரையும் சிவப்பு மையில் அடித்து, புதிதாக வந்தவரையும் பிறந்ததையும் சிவப்பில் சேர்க்க வேண்டும். இரட்டைப் பதிவு வராமல் இருக்க இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை. ஒரு ஊழியர் வந்து அத்தையின் வாசலில் என் பாட்டியை நிச்சயம் எழுதியிருப்பார். ஒரு தடவை, சரியாக.

அந்தத் தாள் இல்லை. நம் ஊரில் எண்ணி முடித்து அட்டவணை தயாரானதும் தனி ஆட்களின் தாளை அழித்துவிடுவதே வழக்கம். நமக்குக் கிடைப்பது தொகை மட்டும். பெங்களூரின் தொகை 1891இல் ஒரு லட்சத்து எண்பதாயிரம், 1901இல் ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரம். நடுவில் 1898 பிளேக் வந்தது. இருபதாயிரத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. செத்தது யார், பயந்து ஓடி மூங்கில் கொட்டகையில் கிடந்தது யார், சொந்த ஊருக்குத் திரும்பியது யார், ஒரு பெயர் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகும், 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனி ஆளின் பதிவை யாரும் பார்க்க உரிமை இல்லை, கோர்ட்டில் சாட்சியாகவும் காட்ட முடியாது என்கிறது. அந்தப் பிரிவு இருப்பதால்தான் மக்கள் நம்மிடம் உண்மை சொல்கிறார்கள். நூறு வருடம் கழித்தாவது திறந்தால் என்ன என்று எனக்கு ஆசை உண்டு. அது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை, விடுங்கள்.

ஆக அம்மா இரண்டு இடத்தில் இருக்கிறாள், தப்பும் தவறுமாக. மகள் எங்குமே இல்லை.

இந்த இரண்டு தாளையும் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்து நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கிழவி மேல் கோபம், அப்புறம் சகலை மேல். ஒருநாள் மத்தியானம்தான் ஒன்று புரிந்தது. இரண்டு வீட்டிலும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் பக்கத்து அறையிலேயே இருந்திருப்பாள். "உன் பெயர் என்ன, வயது என்ன, இன்று ராத்திரி எங்கே தூங்குகிறாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்த இரண்டில் ஒரு வரி எழுதப்பட்டிருக்காது, மற்றது சரியாக எழுதப்பட்டிருக்கும். கல்யாணம் ஆகாதவள் என்று கிழவி எழுதினாரே, கேட்டிருந்தால் பெங்களூரில் எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்லியிருப்பாள். இரட்டைப் பதிவும் விடுபட்ட பதிவும் வேறு வேறு நோய் என்று நான் முப்பது வருடமாக நினைத்திருந்தேன். இரண்டுமே ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் கேட்பதால் வருவது.

இதை எனக்கு ஒரு சிறுமி 1991லேயே சொல்லிக்கொடுத்தாள். நான்தான் படிக்கவில்லை.

வீட்டையும் ஆட்களையும் அடையாளம் காட்ட மாட்டேன். சட்டமும் விடாது, மனசும் விடாது. ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஆளுக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும். வீட்டு அம்மாள் சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, நாலு பேர் விவரம் சொன்னார். காபி கொண்டுவந்து கொடுத்தது பன்னிரண்டு பதின்மூன்று வயது பெண். பாவாடை, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. "இந்தப் பொண்ணு?" என்றேன். "அவ வேலைக்கு இருக்கா மேடம். அதெல்லாம் எழுதாதீங்க. தர்மபுரிப் பக்கம், அவங்க ஊர்ல எழுதியிருப்பாங்க." பதினான்கு வயதுக்குக் கீழே வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006இல்தான் வந்தது, ஆனாலும் அந்த அம்மாளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது போலும். எனக்கு இன்னும் பதினாறு வீடு பாக்கி. தலையாட்டிவிட்டேன்.

கேட்டைத் திறந்துவிட அந்தப் பெண்தான் வந்தாள். நம்ம தமிழ் என்று அவளுக்குப் பேச்சில் தெரிந்திருந்தது. "எதுக்குக்கா எழுதுறீங்க?" "நாட்டுல எத்தனை பேர் இருக்கோம்னு எண்ணுறாங்க." "என்னையுமா?"

"உன்ன ஊர்ல எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடித்தேன்.

ஊரில் ஒரு ஆசிரியர் அவள் அம்மாவிடம் கேட்டிருப்பார். "பெரிய பொண்ணு பெங்களூர்ல இருக்கு சார்" என்று அம்மா சொல்லியிருப்பார். "அப்ப அங்க எழுதுவாங்க" என்று அவரும் சீட்டை மடித்திருப்பார். விதி எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே வீட்டில் வழக்கமாக இருந்து, ஒரே அடுப்பில் பொங்குவதைச் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம். வேலைக்கு என்று வந்து அங்கேயே படுத்து அங்கேயே சாப்பிடும் பிள்ளை அந்தக் குடும்பத்தில்தான் வர வேண்டும். மார்ச் 1 முதல் 5 வரை திருத்தச் சுற்று உண்டு. அந்தத் தெரு வழியாகவே இரண்டு தடவை நடந்தேன். போய் எழுதியிருக்கலாம்.

2001இல் கொஞ்சம் புத்தி வந்திருந்தது, ஆனால் அப்போது வேறு ஒரு வகைக் காணாமல்போதல். 1991 டிசம்பர் காவிரிக் கலவரம் நம் ஊரில் பலருக்கு மறக்கவில்லை. என்னோடு வாசலில் தமிழில் அரைமணி நேரம் பேசிவிட்டு, தாய்மொழிக் கட்டத்துக்கு வந்ததும் "கன்னடம்னே போடுங்க டீச்சர்" என்றவர்கள் உண்டு. சொல்வதை எழுதுவதுதான் நம் வேலை, எழுதினேன். சரியா தப்பா என்று இன்றும் எனக்குத் தீர்மானம் இல்லை.

2011இல் பி.ஜி. பையன்கள், அதாவது காசு கட்டி விடுதியில் தங்குகிறவர்கள். சேலத்திலோ நெல்லூரிலோ அம்மா "ரேஷன் கார்டுல பேரு இருக்கே, எழுதிக்கோங்க" என்று எழுதிவிட்டிருப்பார். இங்கே விடுதிக்காரர் கட்டில் கணக்கில் இன்னொரு தடவை எழுதிவிடுவார். பேர் எழுதாவிட்டால் கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் நம் ஊர் இரட்டைப் பதிவுக்குப் பாதிக் காரணம். அது வேறு, இது வேறு என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். அந்தச் சென்சஸ் முடிந்து சரிபார்த்தபோது, இரட்டையைக் கழித்த பிறகும் ஆயிரத்துக்குச் சுமார் 23 பேர் விடுபட்டிருந்தார்கள். ஆயிரத்துக்கு 23 என்றால் கொஞ்சம்போலத் தோன்றும். நூறு வீட்டுத் தெரு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்; அதில் இரண்டு வீட்டை முழுசாக விட்டுவிட்டு நடந்தது போல.

நான் உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கதவைத் திறப்பவர் பதில் சொல்லட்டும், ஆனால் வீட்டில் இருக்கும் மற்றவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். வயதான அத்தை, வேலைக்கு இருக்கும் பெண், காவலுக்குப் படுக்கும் நேபாளத்துப் பையன், அவுட்ஹவுஸ் டிரைவர் குடும்பம். அவர்களிடமே கேளுங்கள். "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க, எங்க சாப்பிட்டீங்க, வேற எங்கயாவது எழுதிட்டாங்களா?" மூன்று கேள்வி, ஒரு நிமிஷம்கூட ஆகாது. தமிழ் வராதென்றால் கன்னடம், கன்னடம் வராதென்றால் தெலுங்கு, உருது. பெங்களூரில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இதில் எதுவுமே முழுசாகத் தெரியாமல் போகாது. வீட்டுக்காரர் "பாப்பா"ன்னு போடுங்க, "குட்டி"ன்னு போடுங்க என்பார். பாப்பாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரிடமே பெயரைக் கேட்டு, திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனில் அடியுங்கள். புருஷன் பெயர் சொல்லாத அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். "முருகனுக்கு அண்ணன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். கணேசனா, விநாயகமா, கணபதியா என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தலையாட்டலுக்குக் காத்திருக்க வேண்டும். அதில் அவசரப்பட்டால் ஊரில் பாதிப் பேர் கணேசன் ஆகிவிடுவார்கள்.

வீட்டுக்காரர்களே பதிந்துகொள்ளும் வசதி எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். 1911இல் அந்தக் கிழவியும் சகலையும் செய்தது அதைத்தானே? தாங்களே உட்கார்ந்து நிதானமாக, நல்ல கையெழுத்தில் பதிந்துகொண்டார்கள். அதனால் "நாங்க ஏற்கெனவே பதிஞ்சாச்சு" என்று பதிவு எண்ணைக் காட்டுகிற வீட்டிலும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்டோடு தங்கி வேலை செய்யறவங்க யாராவது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டுக்கும் யாராவது வருவீர்கள். நானும் என் வீட்டுக்காரரும், இரண்டே பேர். பகலில் வந்தால் மூன்றாவதாக ஒருவர் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். அவரை எங்கள் வீட்டில் எழுத வேண்டாம், இரண்டு தெரு தள்ளி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறையில் குடியிருக்கிறார். நான்கு வீட்டில் வேலை, காலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் திரும்ப மூன்றரை ஆகும். பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். பதினோரு மணிக்கு நீங்கள் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "அங்க மூணு பேர், எழுதிக்கோங்க" என்பார். மூன்று பேர் இல்லை, நான்கு. கிராமத்திலிருந்து அவர் அம்மா வந்து ஒரு வருடமாக அங்கேயேதான் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது, கதவு தட்டினால் திறக்க மாட்டார். மூன்றரைக்கு மேல் போங்கள்.

இப்படிக்கு,
மூன்று சென்சஸ் பார்த்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு